சுபத்துக்குப் பிறகு ஓடிய ரீல்

என் கல்யாணம் நடந்ததற்கு ஒரு சைக்கிள் டயரும் காரணம். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். ஜாதகம் பொருந்தியது, பெரியவர்கள் பேசி முடித்தார்கள் என்றுதான் அவர் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜாதகத்தை நான் பார்க்கவில்லை. டயர் பஞ்சரானதன் பலனைக் கண்ணாரப் பார்த்தேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். வீடு ஓ.டி.யில். ஓல்டு டவுன் என்று முழுசாகச் சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் பொறுமை கிடையாது. நியூ டவுனும் அப்படித்தான், என்.டி. அம்மா போனபிறகு எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டவர் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா. அப்பாவுக்கு என் கல்யாணத்தைப் பற்றிய கவலை. சின்னம்மாவுக்கு எந்தக் கொட்டகையில் என்ன படம் மாற்றியிருக்கிறார்கள் என்ற கவலை.

அந்த நாளில் ஒரே பிரிண்டை இரண்டு கொட்டகைகள் பங்குபோட்டுக்கொள்வது உண்டு. என்.டி.யில் ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே படத்தை ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே ஓடி முடித்த ரீல்களைத் தகரப் பெட்டியில் போட்டு, சைக்கிள் கேரியரில் கட்டி, ஓர் ஆள் கெடிலம் பாலத்தைத் தாண்டி ஓ.டி.க்கு மிதித்துக்கொண்டு வருவார். அவர் பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய் அடுத்த பெட்டியை எடுப்பதற்குள் இன்னோர் ஆள் எதிரே வருவார். இரண்டு பேரின் கால் பலத்தில்தான் ஓ.டி. ஜனங்களின் கண்ணீரும் சிரிப்பும் நின்றுகொண்டிருந்தன.

நான் சொல்லும் படம் ஒரு மாயாஜாலப் படம். அதன் பேர் வேண்டாம், நாங்கள் அதைக் கஷாயப் படம் என்றுதான் சொல்வோம். ஓர் இளவரசன். உப்பங்கழியில் படகு ஓட்டும் ஒரு பெண்ணைப் பார்த்து மயங்கி, அவளையே கல்யாணம் செய்துகொண்டு அரண்மனைக்கு அழைத்துவருகிறான். கறுப்பாக இருப்பாள், குரல் கணீரென்று இருக்கும், யாராக இருந்தாலும் எதிரே நின்று கேள்வி கேட்பாள். எதைப் பார்த்து மயங்கினானோ அதுவே ஆறு ரீலில் அவனுக்குத் தலைவலியாகிவிடுகிறது. இடைவேளை விட்டார்கள்.

இடைவேளைக்குப் பிறகு எடுத்த எடுப்பிலேயே ஒரு மந்திரவாதி கஷாயம் காய்ச்சிக்கொண்டிருந்தான். அவளைக் கட்டிப்போட்டு வாயில் ஊற்றினார்கள். ஒரே புகை. புகை கலைந்ததும் அதே நடிகை வெள்ளை வெளேரென்று, தலை குனிந்து, “தங்கள் சித்தம்” என்றாள். அதற்குப் பிறகு எது கேட்டாலும் அவளுக்கு அந்த இரண்டு சொல்தான் வந்தது. இளவரசன் பூரித்துப்போனான். இருவரும் மாலை மாற்றிக்கொண்டு ஒரு பாட்டுப் பாடி முடித்ததும் திரையில் “சுபம்” விழுந்தது. எல்லோரும் எழுந்து செருப்பைத் தேடினோம்.

அப்போது மறுபடியும் படம் ஓட ஆரம்பித்தது. அதே பெண், பழைய கறுப்பு நிறத்தோடு, ராஜசபை நடுவில் நின்றாள். “உமக்கு வேண்டியது நானா, என்னைப் போலிருக்கும் ஒரு பதுமையா? என்னைக் கேட்டீரா?” என்று இளவரசனைப் பிடித்து உலுக்கியெடுத்தாள். கிரீடத்தைக் கழற்றி அவன் மடியில் போட்டுவிட்டு, அரண்மனைப் படித்துறையில் கட்டியிருந்த படகில் ஏறினாள். சுரபுன்னைக் காட்டுக்குள் படகு சின்னதாகிச் சின்னதாகி மறைந்தது. பிச்சாவரத்தில் வந்து எடுத்தார்கள் என்று பேச்சு. விளக்கு எரிந்தது.

பெண்கள் பக்கத்தில் ஒரே ஆரவாரம். துடுப்புப் பிடித்த லட்சணம் சரியில்லை என்று துறைமுகத்துப் பெண்கள் இரண்டு பேர் குறை சொன்னார்களே தவிர, கதையில் யாரும் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது சின்னம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார்.

“பாத்தியாடி? கஷாயம் எறங்கிடுச்சு. சுபம் போட்டப்புறம்தான் நெஜக் கதையே ஆரம்பிக்குது. படம் எடுத்தவன் கல்யாணம் ஆனவன்டி.”

மறுநாள் ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரி, என்.டி.யில் பார்த்தவள், கடைசியில் அவள் அடங்கி நல்லவளாகிவிடுகிறாள் என்றாள். நான் அவளோடு மல்லுக்கு நின்றேன். அவள் டைப் மெஷின் முன்னாலேயே தூங்கக்கூடியவள். கொட்டகை இருட்டில் கடைசி நாலு ரீல் அவளுக்கு எங்கே தெரிந்திருக்கப்போகிறது என்று முடிவுகட்டிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துச் சிதம்பரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பூர்வீகம் சேத்தியாத்தோப்புப் பக்கம், நிலம் நீச்சு உண்டு. பையன் சிதம்பரத்தில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்ப்பவர். அதுவரை வந்த மாப்பிள்ளைகள் எல்லாம் என்னிடம் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று கேட்டுவிட்டு நான் வேலையை விடுவேனா என்று அப்பாவிடம் கேட்பார்கள். இவர் கேசரியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தே கேட்டார்.

“சினிமால்லாம் பாப்பீங்களா?”

“பாப்பேன். கடைசியா அந்தக் கஷாயப் படம் பாத்தேன்.”

அவர் முகம் மலர்ந்தது. “இப்ப எங்க ஊர்லதான் ஓடுது. நானும் பாத்துட்டேன். முடிவு எவ்ளோ நல்லாருந்துச்சு இல்ல?”

“அந்த முடிவுக்காகவே இன்னொரு தடவ பாக்கலாம்.”

“அதான் சரியான முடிவு. வேற மாதிரி முடிச்சிருந்தா எனக்குப் புடிச்சிருக்காது.”

எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. கிரீடத்தை மடியில் போட்டுவிட்டுப் படகேறிப் போன பெண்ணை மெச்சுகிற ஓர் ஆண், அதுவும் தென்னாற்காடு ஜில்லாவில்! அவர் போன பிறகு அப்பா என்னைக் கேட்க வாய் திறப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன். அங்கே அவரும், அடக்கமான பெண், அந்த முடிவு பிடித்திருக்கிறது என்கிறாள் என்று தன் அம்மாவிடம் மகிழ்ந்துபோய்ச் சொல்லியிருக்கிறார். எங்கள் இருவரையும் சேர்த்துவைத்த புண்ணியம் அந்தச் சைக்கிளுக்குத்தான்.

பரிசம் போட்ட பத்தாம் நாள், சாமி கும்பிட வருகிற சாக்கில் எங்களைச் சிதம்பரத்துக்கு அழைத்தார்கள். கோயிலுக்குப் போய்விட்டு மத்தியான ஆட்டம். இருவருக்கும் பிடித்த படம் என்று அவர்தான் ஏற்பாடு செய்திருந்தார். அவர் ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். பெண்கள் பக்கத்தில் ஒருபுறம் சின்னம்மா, மறுபுறம் வருங்கால மாமியார், நடுவில் நான்.

இடைவேளை முடிந்ததும் ராஜசபை வந்தது. கேள்வி கேட்டாள், கிரீடத்தைப் போட்டாள், படகேறினாள். நான் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டேன். மாமியார் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“எங்க கெளம்பிட்ட? இன்னும் நாலு ரீலு இருக்குது.”

படகை மடக்கினார்கள். அவளைக் கட்டிக் கொண்டுவந்தார்கள். கஷாயம், புகை, தங்கள் சித்தம், மாலை, பாட்டு. சுபம் விழுந்ததும் விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் ஓடவில்லை.

“என்னாடி இது, தலகீழா ஓட்டிட்டான்?” என்றார் சின்னம்மா.

“சரியாத்தான் ஓடுச்சு. போன வாரமும் இப்பிடித்தான்” என்றார் மாமியார்.

அவருக்குப் பிடித்த முடிவு இதுவா? இதற்காகவா நான் தலையாட்டினேன்? ஓ.டி.யில் நான் பார்த்த அன்று ராஜசபைப் பெட்டியோடு வந்தவர் பாலத்தருகே டயர் பஞ்சராகி நின்றதும், பின்னால் கிளம்பிய ஆள் அவரைத் தாண்டி வந்துவிட்டதும், வந்த பெட்டியை ஆப்பரேட்டர் ஓட்டிவிட்டு, விட்டுப்போனதைக் காட்டாவிட்டால் ஜனங்கள் பெஞ்சை உடைப்பார்கள் என்று பயந்து கடைசியில் ஓட்டியதும், சின்னம்மா பின்னால் கொட்டகையில் விசாரித்துத் தெரிந்துகொண்ட விவரங்கள். அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் பார்த்த படமும் இவர் பார்த்த படமும் வேறு வேறு.

அவர்கள் வீட்டுக்குப் போனோம். இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சுவும் வைத்தார்கள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் அதை மடித்துவைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

“ஒண்ணுமில்லம்மா. பத்திரிகை அடிக்கணும். ஒன் பேரும் இவ பேரும் ஒண்ணா இருக்குது. ஒரே வூட்ல மாமியாருக்கும் மருமவளுக்கும் ஒரே பேரு இருந்தா நல்லால்ல. நல்ல பேரா ரெண்டு மூணு எழுதி வெச்சிருக்கேன். ஒனக்குப் புடிச்சத எடுத்துக்க.”

இது எங்கள் பக்கத்தில் புதுசல்ல. மாமியார் பேர் மருமகளுக்கு இருந்தால் மாற்றிவிடுவார்கள். மருமகளைப் பேர் சொல்லித் திட்டினால் தன்னையே திட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று மாமியார்களுக்கு நியாயமான கஷ்டம். ஆனால் அந்த வீட்டில் மாமியாரை யார் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? மாமனார் “இந்தா” என்பார். மகன் “அம்மா” என்பார். அக்கம்பக்கத்தில் இன்னார் அம்மா. யாருமே கூப்பிடாத ஒரு பேருக்கு நான் இடைஞ்சலாம்.

அந்தப் பேர் என் அம்மா வைத்தது. அவர் போனபோது எனக்கு ஏழு வயது. முகம்கூட எனக்குப் போட்டோவில் பார்த்துத்தான் ஞாபகம். ஆனால் அவர் என்னைக் கூப்பிட்ட குரல் மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் குரலில் இருக்கும் ஒரே சொல் என் பேர்தான். அதைக் கொடுத்துவிட்டு எந்தப் பேரை வாங்கிக்கொண்டாலும் எனக்கு அம்மா இல்லை. அங்கே தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எனக்கு ஆத்திரம் வந்தால் வாய் அடங்காது.

மாமனாரிடம் பேசப் பயந்து அவர் மகனைப் பிடித்துக்கொண்டேன்.

“அந்தப் படத்துல அவ கஷாயம் குடிச்சதுதான் உங்களுக்குப் புடிச்ச முடிவா?”

திடீரென்று சினிமா வந்ததில் அவர் திகைத்துப்போனார். “ஏன், உங்களுக்கும் புடிச்சுதுன்னு சொன்னீங்களே?”

“எங்க ஊர்ல அவ கடைசில படகேறிப் போயிட்டா.”

எங்கள் ஊரில் ஓடிய வரிசையைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். “பக்கம் மாறித் தச்ச பொஸ்தகம் மாதிரி ஆயிடுச்சா! அப்ப நாம பாத்ததே வேற வேற படம்.”

“சிரிக்காதீங்க. அவள மாத்தறதுக்கு அவள ஒரு வார்த்த கேட்டாங்களா?”

“கேக்கல. ஆனா மாறினப்புறம் அவ சந்தோஷமாத்தான இருந்தா?”

“யாரு சந்தோஷமா இருந்தா? மாறி வந்தவ இருந்தா. மாத்தப்பட்டவள எங்க போயித் தேடிக் கேப்பீங்க?”

புரூப் பார்ப்பவர் இட்லியை இன்னொரு தடவை கொத்சுவில் தோய்த்தார். “அவ்ளோ வேணும்னா அந்தக் கஷாயத்த இளவரசனே குடிச்சிருக்கலாமே” என்றேன். “அவள அப்பிடியே புடிக்கற மாதிரி அவன் மாறியிருக்கலாம். அவளக் கட்டிப்போட்ட கயிறாவது மிச்சம்.”

“ஹீரோ கஷாயம் குடிச்சா படம் ஓடாதுங்களே” என்றார் பாவமாக.

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டோமே என்று இன்னும் கோபம் வந்தது. சின்னம்மா என் தொடையைக் கிள்ளக் கிள்ளச் சொல்லிவிட்டேன். “எம் பேரு எஸ்.எஸ்.எல்.சி. பொஸ்தகத்துல இருக்குது, சர்வீஸ் ரிஜிஸ்தர்ல இருக்குது. ரெண்டு பேருல ஒருத்தர் மாத்தியே ஆவணும்னா அத்தையே மாத்திக்கட்டும்.”

கொத்சு கரண்டி அப்படியே நின்றது. மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சரி, கல்யாணம் நின்றது, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சின்னம்மா கணக்குப்போடுவது எனக்குத் தெரிந்தது. அப்போது மாமியார் சிரித்தார்.

“நான் மாத்திக்கறதா? இதுவே எனக்கு மாத்துன பேருதான்டி. எம் மாமியா வெச்சது. எம் மொதப் பேரும் எங்க நாத்தனா பேரும் ஒண்ணா இருந்துச்சு. வந்த மூணாம் நாளே மாத்திப்புட்டாங்க. அந்தப் புண்ணியவதி ரெண்டே வருஷத்துல கட்டிக்கிட்டுப் போனா. போன எடத்துல அவ பேரையும் மாத்திட்டாங்க.”

நானும் சின்னம்மாவும் சிரித்தோம். மகன் சிரிக்கவில்லை. இருபத்தெட்டு வயசு ஆள், கையில் இட்லித் துண்டோடு, பள்ளிக்கூடத்தில் கணக்குத் தெரியாமல் நிற்கிற பையனைப் போலக் கேட்டார்.

“அம்மா, ஒம் பேரு என்னா?”

புருஷன் பேரைச் சொல்லச் சொன்னால் அந்தக் காலத்துப் பெண்கள் வெட்கப்படுவார்கள். மாமியார் தன் பேரைச் சொல்ல அப்படி வெட்கப்பட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ரொம்பச் சின்னப் பேர், அழகான பேர். “அட ஆமா, அப்பிடித்தான் என்னமோ ஒண்ணு வரும்” என்றார் மாமனார்.

அதற்குமேல் என் பேரைப் பற்றி யாரும் பேசவில்லை. பத்திரிகையை மாப்பிள்ளையே தன் அச்சகத்தில் உட்கார்ந்து அச்சுக் கோத்தார். அந்தக் காலத்துக் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பேர்கள் இருக்கும், தாத்தா பேர்கள் இருக்கும், அப்பாவின் பெரியப்பா பேர்கூட இருக்கும். பெற்றவள் பேரைப் போட இடம் இருக்காது. இவர் இடம் பண்ணினார். மாமனார் பேருக்குப் பக்கத்தில் மாமியாரின் முதல் பேர், கீழே என் அம்மா வைத்த என் பேர். “நான் ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு நெனைக்கப்போறாங்கடா” என்று மாமனார் புலம்பினார். அவர் பயந்தபடியே மூன்று பேர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து கேட்டுவிட்டுப் போனார்களாம்.

எனக்கு ஒரே பெருமை. என் பேரும் மிச்சம், மாமியாருக்கும் பேர் மீட்டுக்கொடுத்தாகிவிட்டது. ஓ.டி. பெண்கள் எல்லோரிடமும் பத்திரிகையைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டேன்.

கல்யாணம் சிதம்பரத்தில். கழுத்தில் தாலி ஏறி நான் மணையில் உட்கார்ந்திருந்தேன். மாமியார் எனக்கு முன்னால் நின்று தாம்பாளங்களில் வெற்றிலைபாக்கு எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். அப்போது வாசல் பக்கமிருந்து அவர் வயசுள்ள ஓர் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஸ்ரீமுஷ்ணத்தில் மாமியாரோடு சேர்ந்து வளர்ந்தவர், கல்யாணமாகித் தூர தேசம் போய்விட்டு இப்போதுதான் திரும்பியவர், மாமியாரின் தம்பி வீட்டில் பத்திரிகையைப் படிக்கக் கேட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார் என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அவர் அங்கிருந்தே, அந்த முதல் பேரைச் சொல்லி, உரக்கக் கூப்பிட்டார்.

மாமியார் திரும்பவில்லை. அவர் பாட்டுக்கு வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் மறுபடியும் கூப்பிட்டார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் பாக்கை எண்ணி வைத்தார்.

எனக்குச் சுரீர் என்றது. இவரைக் கேட்டோமா? பழைய பேர் வேண்டுமா, பத்திரிகையில் போடட்டுமா என்று நானோ அவர் மகனோ ஒரு வார்த்தை கேட்டோமா? என்னைக் கேட்டீர்களா என்று ஊரைக் கூட்டிய நான் அவரைக் கேட்கவே இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார், அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முகமும் வெளுத்துப்போயிருந்தது.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது நான்தான் மெல்லச் சொன்னேன். “அத்த, உங்களத்தான்.”

“என்னையா?” என்றார்.

“ஆமா அத்த. வேணாம்னா விட்டுடுங்க. நாங்க கேக்காமப் பண்ணிட்டோம்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த வெற்றிலையைத் தாம்பாளத்தில் வைத்தார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டார். பிறகு, அந்த வீட்டில் முப்பது வருஷமாக யாரிடமும் குரலை உயர்த்தாத என் மாமியார், மேளச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்படி கத்தினார்.

“தோ வரேன்டீ!”